வங்கதேசத்தின் தையல் ஊர்களில்

வெள்ளி, டாக்கா

விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துப் போக வந்த அண்ணன் கொங்குப் பக்கத்துக்காரர். காஜிப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடமாகச் சாயப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். காரில் ஏறியதும் ஊர் நலம், வீட்டு நலம் எல்லாம் கேட்டு முடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சரக்குக் கிடங்கு இருந்த பக்கத்தைக் காட்டினார். 2025 அக்டோபர் 18ஆம் தேதி எரிந்தது அதுதான்.

"துணி கப்பல்ல வந்துரும் தம்பி. லேபிள், பட்டன், சேம்பிள் எல்லாம் அவசரம்னா பிளேன்லதான் வரும். பட்டன் வரலைன்னா ஒரு லட்சம் சட்டையும் அப்படியே நிக்கும்" என்றார்.

நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன், மெர்சண்டைசிங் பக்கம், அதாவது ஆர்டர் பிடித்து, சரக்கை நேரத்துக்கு அனுப்ப வைக்கும் வேலை. நம் பக்கத்தில் ஓர் ஆர்டர் கைவிட்டுப் போனால் "பங்களாதேஷ்காரன் விலையைக் குறைச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்த விலை எங்கிருந்து வருகிறது, இனியும் அவர்களால் அதைத் தாக்குப்பிடிக்க முடியுமா என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்த 2025 டிசம்பர் பயணம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-25 நிதியாண்டில் வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 3,935 கோடி டாலர். நாட்டின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியே சுமார் 4,828 கோடிதான். அதாவது வெளியே போகும் ஒவ்வொரு 100 டாலர் சரக்கிலும் 80 டாலருக்கு மேல் சட்டையும் பேன்ட்டும் பனியனும் ஸ்வெட்டரும்தான். உலகில் சீனாவுக்கு அடுத்த இடம் இவர்களுக்கு, வியட்நாம் பின்னாலேயே வருகிறது. சுமார் 40 லட்சம் பேர் இந்த வேலையை நம்பியிருக்கிறார்கள். ஒரு நாடு ஒரே தொழிலின் மேல் இந்த அளவு சாய்ந்து நிற்பது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இன்று வார விடுமுறை. சாயங்காலம் ஆஷுலியா பக்கம் போனோம். சாலையோரக் கடைகளில் கூட்டம். வாரம் முழுக்க வெளிநாட்டுக்குத் துணி தைத்த பெண்கள் தங்களுக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதியில் கழித்த பீஸ்கள் குவியலாகக் கிடந்தன. ஒரு பெண் ஒரு டாப்ஸை எடுத்து உள்பக்கமாகத் திருப்பி, தோள்பட்டைத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். நூல் விட்டது. குவியலிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். எங்கள் ஊரில் செக்கிங் டேபிளில் செய்வதும் இதேதான்.

சனி, காஜிப்பூர்

காலை ஏழரைக்கு மைமன்சிங் நெடுஞ்சாலையில் நின்றால் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று தெரியும். சந்து சந்தாகப் பெண்கள் வந்து சாலையில் சேர்கிறார்கள். கையில் டிபன் கேரியர், கழுத்தில் அடையாள அட்டை. எட்டு மணிக்குள் சாலை காலியாகிவிடுகிறது.

அண்ணன் வேலை பார்க்கும் இடத்தில் பெயர் எழுதக் கூடாது என்ற பேச்சோடு உள்ளே விட்டார்கள். துணி பின்னும் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில். தையல் தளத்தில் ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்கள் வரிசையாக நிற்கின்றன. லைன் தலைமாட்டில் ஒரு பலகை. அந்த மணி நேரத்தில் எத்தனை பீஸ் வர வேண்டும், எத்தனை வந்தது என்று இரண்டு கட்டம். குறைந்தால் சிவப்பு மார்க்கர். நான் நின்றிருந்த லைனில் பத்து மணிக் கட்டம் சிவப்பு. சூப்பர்வைசர் அங்கேயே நடந்துகொண்டிருந்தார். யாரும் தலை நிமிரவில்லை.

அங்கே ஓர் ஊசி உடைந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த சட்டை என்றால் அசட்டையாகத் தைப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி உடைந்ததும் அந்த ஆப்பரேட்டர் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்கினாள். ஊசிக்கென்றே இருக்கும் ஆள் வந்தார். தைத்துக்கொண்டிருந்த பீஸையும் பக்கத்திலிருந்த பண்டிலையும் தனியே எடுத்து வைத்தார்கள். காந்தத்தை மேஜையிலும் தரையிலும் ஓட்டினார்கள். இரண்டு துண்டு கிடைத்தது, நுனி மட்டும் இல்லை. அந்தப் பெண் தன் மடியிலிருந்த துணியை விரலால் தடவித் தடவிப் பார்த்து, கழுத்துப் பட்டிக்குள் சிக்கியிருந்த நுனியை எடுத்துக் கொடுத்தாள். மூன்று துண்டையும் ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மிஷின் நம்பரும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் புது ஊசி கொடுத்தார். நுனி கிடைக்காமல் போயிருந்தால் பண்டில் முழுவதும் தனியே போயிருக்கும். இவ்வளவுக்கும் அந்த லைனின் மணிக்கணக்கு நிற்கவில்லை. பதினொரு மணிக் கட்டமும் சிவப்புதான்.

மதியம் ஒரு மணிக்கு மணியடித்ததும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஓர் ஆப்பரேட்டர் அக்கா எங்களையும் கூப்பிட்டார். இங்கே எல்லாரும் அவரை "ஆபா" என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கின்றன, நடுவில் ஒரு நடை, கடைசியில் பொது அடுப்பு. அடுப்புக்கு முறை வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே எழுந்தால்தான் சமைத்துவிட்டுப் போக முடியுமாம். பையன் ரங்க்பூர் பக்கம் பாட்டியிடம் படிக்கிறான். மாதாமாதம் மொபைலில் பணம் போய்விடும்.

சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்கினேன். அவரே எடுத்துக் காட்டினார். இந்த ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமான கணக்கு அது. 2023 டிசம்பரில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 12,500 டக்கா, டாலரில் சுமார் நூறு. இதில் அடிப்படைச் சம்பளம் 6,700 மட்டுமே. வீட்டு வாடகை 3,350, மருத்துவம் 750, போக்குவரத்து 450, சாப்பாடு 1,250. ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். 208 மணி நேரத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கினால் ஒரு மணிக்குச் சுமார் 64 டக்கா. அதனால்தான் அடிப்படையை எவ்வளவு வைப்பது என்பதில் இத்தனை சண்டை.

2023இல் தொழிலாளர்கள் கேட்டது 23,000. அந்த அக்டோபர், நவம்பரில் இதே காஜிப்பூர் சாலைகளில்தான் போராட்டம் நடந்தது, உயிர்களும் போயின. 12,500இல் முடிந்தது. 2018இல் 8,000, 2013இல் 5,300, 2010இல் 3,000. எண்களை மட்டும் பார்த்தால் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. ஆபாவிடம் கேட்டேன். சம்பளம் ஏறிய அடுத்த மாதமே வாடகை ஏறிவிடும் என்றார். வீட்டுக்காரருக்கும் தேதி தெரியும் இல்லையா? அப்புறம் அரிசி, எண்ணெய். 2024 கடைசியில் வருடாந்தர உயர்வை 5 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக்கினார்கள். அதுவும் ஆஷுலியாவில் வாரக்கணக்கில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த பிறகுதான்.

முதலாளிகளைக் குறை சொல்லி முடித்துவிடலாம். சிலர் விஷயத்தில் அது நியாயம்கூட. ஆனால் பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு கம்பெனி, கொடுக்கும் விலையை வைத்துக்கொண்டு பேசாவிட்டால் பேச்சு பாதியில் நிற்கிறது. அதற்கு டாக்காவில் பையர்களின் அலுவலகங்கள் இருக்கும் குல்ஷன் பகுதிக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை.

திரும்பும் வழியில் தொழிற்சாலைப் பின்வாசலில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கு ஜூட் என்று பெயர், சணலுக்குச் சொல்லும் ஜூட் இல்லை. இது பெரிய வியாபாரம். எந்தத் தொழிற்சாலை வேஸ்ட் யாருக்கு என்பதை அந்தந்த ஊர் அரசியல் ஆட்கள்தான் முடிவு செய்வார்கள். 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததும் ஜூட் எடுக்கும் ஆட்களும் மாறினார்கள். அதற்கும் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. பழைய துணியிலிருந்து புது நூல் எடுப்பதைப் பற்றி ஐரோப்பாவில் மாநாடு மாநாடாகப் பேசுகிறார்கள். அதற்கான மூலப்பொருள் இங்கே லாரியில் ஏறி, கணக்கில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஞாயிறு, நாராயண்கஞ்ச்

டாக்காவிலிருந்து தெற்கே ஷீதலக்ஷ்யா ஆற்றங்கரை. பனியன் தொழிலுக்கு இதுதான் தலைநகரம். ஆற்றோரம் ஆதம்ஜி சணல் ஆலை இருந்த இடத்தைப் பார்த்தேன். 1951இல் தொடங்கியது, ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சணல் ஆலை. 2002 ஜூனில் மூடினார்கள். அந்த நிலத்தில் இப்போது ஏற்றுமதி மண்டலம், உள்ளே ஆடைத் தொழிற்சாலைகள். உலகம் பிளாஸ்டிக் பைக்கு மாறியபோது சணல் போனது. இந்த நாட்டுக்கு ஒரே சரக்கை நம்பிய அனுபவம் ஏற்கெனவே ஒரு தடவை இருக்கிறது. கேட்டில் நின்ற காவலாளியின் அப்பா அந்தச் சணல் ஆலையில் வேலை பார்த்தவராம்.

தான்பஜார் நூல் சந்தைக்குப் போனேன். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் கோன் மூட்டைகள், தள்ளுவண்டிகள். நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் நம்பர் மட்டும்தான் பேச்சு. முப்பதாம் நம்பர் கார்டட், கோம்ப்டு என்று விலை கேட்டுக்கொண்டே போகலாம், மொழி தெரிய வேண்டியதில்லை.

வங்கதேசத்தில் பருத்தி விளைவது சொற்பம். பிரேசில், இந்தியா, மேற்கு ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று எல்லாப் பக்கமிருந்தும் வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு ஸ்பின்னிங் மில்கள் எப்படி வந்தன? ஐரோப்பா வைத்த ஒரு விதியால். மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு வரி கிடையாது என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. ஆனால் ஆடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உற்பத்தியில் இரண்டு கட்டமாவது அந்த நாட்டிலேயே நடக்க வேண்டும். துணியை வெளியிலிருந்து வாங்கித் தைத்தால் மட்டும் சலுகை கிடைக்காது. பனியன், டி-ஷர்ட் மாதிரிப் பின்னல் துணிக்கு நிட்டிங் மிஷின் போடுவது கைக்கெட்டும் முதலீடு. எனவே நாராயண்கஞ்ச்காரர்கள் நிட்டிங் போட்டார்கள், சாயப்பட்டறை போட்டார்கள், பின்னால் நூல் மில்களும் வந்தன. வோவன், அதாவது தறியில் நெய்யும் சட்டை, பேன்ட் துணிக்கு அந்த அளவு நடக்கவில்லை. அதற்குள் 2011இல் ஐரோப்பாவே விதியைத் தளர்த்தி, தைத்தால் மட்டும் போதும் என்றது. வோவன் கம்பெனிகள் சீனத் துணியை இறக்கித் தைக்க ஆரம்பித்தன. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், துறைமுக நகரமான சட்டோகிராமில் (பழைய சிட்டகாங்) திரும்ப வரும்.

மூட்டைகளில் தமிழ்நாட்டு மில் பெயர்களும் கண்ணில் பட்டன. 2025 ஏப்ரலில் இந்திய நூலைத் தரைவழியாக இறக்குவதை வங்கதேசம் நிறுத்தியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் வங்கதேசச் சரக்கு இந்திய விமான நிலையங்கள் வழியாக வெளிநாடு போகும் வசதியை இந்தியா ரத்து செய்திருந்தது. மே 17இல் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக் கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம் என்றது. பெனாபோல் எல்லையில் லாரி வந்தால் சில நாட்களில் கைக்குக் கிடைத்த நூல் இப்போது கப்பலில் சுற்றி வருகிறது. உள்ளூர் மில்காரர்களுக்கு இதில் சந்தோஷம். நூல் வாங்குகிற பனியன்காரருக்கு எரிச்சல். நான் பேசிய வியாபாரி உள்ளூர் நூல், இந்திய நூல் இரண்டும் விற்பவர் என்பதால் யார் பக்கமும் சாயவில்லை. "அரசாங்கங்கள் சமாதானமானால் சொல்லுங்கள், ஆர்டர் போடுகிறோம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பக்கமும் சேர்ந்து இதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். நூல் விற்கிறவனும் பனியன் தைக்கிறவனும் எதிரிகள் கிடையாது.

இன்னொரு விஷயம், கேஸ். சாயப்பட்டறை பாய்லரும் சொந்த ஜெனரேட்டரும் ஓடுவது குழாய் கேஸில். அழுத்தம் குறைந்தால் சாயத் தண்ணீர் சூடேறாது, பாதியில் நின்ற துணி நிறம் மாறிவிடும், மறுபடி சாயம். 2025 ஏப்ரலில் புது இணைப்புகளுக்குக் கன மீட்டர் 30 டக்காவிலிருந்து 40 ஆக்கினார்கள். இங்கே புது மில் போட நினைப்பவர் முதலில் கேட்பது நிலத்தின் விலையை இல்லை, கேஸ் வருமா என்பதைத்தான்.

திங்கள், சாவர்

ராணா பிளாசா இருந்த இடம் அரிச்சா நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகலாம். இப்போது அங்கே கட்டடம் ஏதும் கிடையாது. புதர் மண்டிய பள்ளம். முன்னால் ஒரு நினைவுச் சின்னம், சுத்தியலையும் அரிவாளையும் உயர்த்திப் பிடித்த இரண்டு கைகள்.

2013 ஏப்ரல் 23இல் தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல் மாடிகளில் இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஷிப்மென்ட் தேதி இருந்தது. 24ஆம் தேதி காலை கரண்ட் போய், மாடியில் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எட்டு மாடியும் விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயம். அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் ஆஷுலியாவில் தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

ஷிப்மென்ட் தேதி என்பதை நான் தினமும் மெயிலில் எழுதுகிறேன். தள்ளிப் போனால் விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்று எழுதுகிறேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது அந்த வரி திரும்பத் திரும்ப மனதில் வந்தது. வேறெதுவும் யோசிக்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2013 மே மாதம் ஐரோப்பிய பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்காக அக்கார்டு என்ற ஒப்பந்தம் போட்டன. நீதிமன்றத்துக்கு இழுக்கக்கூடிய ஒப்பந்தம் என்பதுதான் அதன் பலம். 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் தூண், மின்கம்பி, தீ வழி எல்லாவற்றையும் இன்ஜினியர்கள் சோதித்தார்கள். பூட்டுப் போடும் கதவுகளை எடுத்துவிட்டுத் தீத்தடுப்புக் கதவுகள் வைத்தார்கள். தாங்காத கட்டடங்களை மூடினார்கள். 2020இல் அந்த வேலை உள்ளூரில் அமைத்த ஆர்.எஸ்.சி. என்ற அமைப்பின் கைக்கு வந்தது. நான் சனிக்கிழமை பார்த்த தளத்தில் படிக்கட்டுக் கதவு கைப்பிடியைத் தள்ளினாலே வெளிப்பக்கம் திறந்தது. பசுமைச் சான்றிதழ் வாங்கிய தொழிற்சாலைகள் 250க்கும் மேல், வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இந்தச் செலவில் பெரும்பகுதி முதலாளிகளுடையது. பையர்கள் பீஸ் விலையில் இதற்கென்று ஏற்றிக் கொடுத்ததாக இங்கே யாரும் சொல்லக் கேட்கவில்லை. அக்கார்டு வந்த பிறகும் விலை இறங்கியதாகத்தான் சொன்னார்கள்.

இப்போது அந்த இடத்தில் வருடம் ஒரு முறை, ஏப்ரல் 24இல், குடும்பங்கள் வந்து படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னது.

செவ்வாய், குல்ஷன்

பையர்களுக்காக இங்கே ஆர்டர் கொடுக்கும் பையிங் ஹவுஸ்களும் பிராண்டுகளின் அலுவலகங்களும் இந்தப் பகுதியில்தான். என் போன்ற வேலை பார்க்கும் ஒருவரோடு காபி. அவர் திறந்து காட்டியது ஒரு காஸ்டிங் ஷீட், ஒரு பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கு. வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டுத்தான் காட்டினார்.

அமெரிக்காவுக்குப் போகும் காட்டன் டி-ஷர்ட்டுக்கு முன்பே 16.5 சதவீத வரி. வங்கதேசத்துக்கு அங்கே ஆடைச் சலுகை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 2025 ஏப்ரலில் இதன் மேல் 37 சதவீதம் என்று அறிவித்தார்கள், ஜூலையில் 35 என்றார்கள், கடைசியில் ஆகஸ்ட் 7 முதல் 20. ஆக அப்போது 36.5. பாலியெஸ்டர் டி-ஷர்ட் என்றால் அடிப்படை வரியே 32. 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்குக் கூடுதல் வரி 50 ஆனதால் அப்போது சில ஆர்டர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஆர்டர் போன வலி எனக்கும் இருக்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்?

"வரி அமெரிக்காவில் இறக்குமதியாளர் கட்ட வேண்டியது. ஆனால் எங்களுக்கு வரும் மெயில் என்ன தெரியுமா பாய்? பாதியை நீ ஏற்றுக்கொள்" என்றார்.

பாதியை ஏற்றுக்கொள்ளச் சதவீதம் எங்கே இருக்கிறது? நூல் விலை அவர் கையில் இல்லை. கேஸ் இல்லை. சாய மருந்து, ஜிப், பட்டன் இல்லை. மிச்சம் தையல் கூலி ஒன்றுதான். இரண்டு ஹெல்பரைக் குறைப்பது, மணிக்கு ஐந்து பீஸ் கூட்டுவது, காலரைத் திருப்பும் வேலைக்கு ஆட்டோமேட்டிக் மிஷின் வைப்பது. சனிக்கிழமை நான் பார்த்த சிவப்புக் கட்டங்கள் இங்கேதான் பிறக்கின்றன. இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் பெண்கள் 80 சதவீதம் என்று சொல்வார்கள், இன்று அந்த அளவு இல்லை. மிஷின் பெரிதாகும் இடத்தில் ஆணை உட்கார வைக்கிறார்கள். ஸ்வெட்டரில் கம்ப்யூட்டர் ஜக்கார்டு மிஷின்கள் வந்தபோது நடந்ததும் அதுதான்.

ஒரு வழி அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சட்டையின் மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்கப் பொருள் இருந்தால் அந்தப் பங்குக்குக் கூடுதல் வரி கிடையாது என்பது அப்போதைய விதி. அதனால் அமெரிக்கப் பருத்தியை அதிகமாக வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்பின்னிங்கும் நிட்டிங்கும் இங்கேயே இருப்பதால் பனியன்காரர்களுக்கு இது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய வழி.

வியாழன், சட்டோகிராம்

நேற்று முழுவதும் ரயிலில் போய்விட்டது. எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை காலூர்காட் பக்கம் போனேன். இந்தத் தொழிலின் ஆரம்பத்தை இங்கே சொல்வார்கள். 1970களில் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்குக் கோட்டா வைத்திருந்தன. கொரியாவுக்கு அளவு கட்டியிருந்தார்கள், வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா இல்லை. நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு சேர்ந்து தேஷ் கார்மென்ட்ஸைத் தொடங்கி, 1979இல் சுமார் 130 பேரைப் பூசானுக்கு அனுப்பித் தொழில் பழக்கினார். திரும்பி வந்தவர்களில் பலர் சில வருடங்களிலேயே வெளியே போய்ச் சொந்தமாகவும் மற்றவர்களோடும் தொழிற்சாலை போட்டார்கள். ஊர் முழுக்கத் தொழில் பரவியது அப்படித்தான்.

பணம்? கையில் இல்லை. அதற்கு பேக்-டு-பேக் எல்.சி. வந்தது. எல்.சி. என்றால் பணம் வந்துவிடும் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். பையர் கொடுக்கும் எல்.சி.யையே வங்கியில் ஈடாக வைத்துத் துணி வாங்க இன்னொரு எல்.சி. திறப்பது. வரி இல்லாமல் துணியை இறக்கிவைக்கப் பாண்டட் கிடங்கு. முதலீடு இல்லாதவனும் தொழிலுக்குள் வர இந்த இரண்டும் வாசல் திறந்தன. 2005 ஜனவரி 1இல் கோட்டா ஒழிந்தபோது இந்தத் தொழில் அவ்வளவுதான் என்று உலகமே சொன்னது. அப்போது ஏற்றுமதி சுமார் 640 கோடி டாலர். இன்றைய கணக்கை முதல் நாளே எழுதிவிட்டேன்.

குறைந்த கூலியால் மட்டும் இது நடந்திருந்தால் இதைவிடக் கூலி குறைந்த நாடுகள் எத்தனையோ எப்போதோ முன்னால் போயிருக்கும். உடைந்த ஊசி நுனியை விரலால் தேடி எடுக்கும் அந்தக் கைகளும், நாற்பது வருடமாகப் பழகிய வங்கி, கிடங்கு, நூல் சந்தை ஏற்பாடுகளும் சேர்ந்துதான் அந்த விலையைக் கொடுக்கின்றன. கூலியை அழுத்துவது ஒன்றுதான் வழி என்று இங்கேயே சிலர் நம்புகிறார்கள். அது இவர்களிடம் இருக்கும் மூலதனத்தையே கரைப்பது.

மதியம் கர்ணபுலி ஆற்றங்கரை. பெரிய கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்குள் வர முடியாது, ஆழம் போதாது. ஃபீடர் கப்பல்கள் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் போய் அங்கே தாய்க்கப்பலுக்கு மாற்றுகின்றன. மாதர்பாடியில் ஆழ்கடல் துறைமுகம் கட்டுகிறார்கள், வந்தால் சில நாட்கள் மிச்சமாகும். இதற்கிடையில் 2025 அக்டோபரில் துறைமுகக் கட்டணத்தைச் சராசரியாக 40 சதவீத அளவு ஏற்றினார்கள்.

சாயங்காலம் ஏற்றுமதி மண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு வோவன் கம்பெனி முதலாளியைப் பார்த்தேன். பேன்ட் தைக்கிறார், துணி முழுக்கச் சீனாவிலிருந்து. எங்கள் பேச்சு நேராக 2026 நவம்பர் 24க்கு வந்தது. அன்று வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வரும் என்று அப்போது தேதி குறித்திருந்தார்கள். நாடு முன்னேறியதற்கான அடையாளம், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஐரோப்பாவில் பூஜ்ய வரி, மொத்த ஆடை ஏற்றுமதியில் பாதி அங்கேதான் போகிறது. 2029 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வேறு சலுகைத் திட்டத்துக்குள் நுழைந்தாலும் அந்தப் பழைய இரண்டு கட்ட விதி திரும்பி வரும். நாராயண்கஞ்ச் பனியன் அதைத் தாண்டிவிடும். சீனத் துணியில் தைத்த பேன்ட்டுக்கு முழு வரி, 12 சதவீதம். வியட்நாம் 2020லிருந்தே ஐரோப்பாவோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

துறையின் சங்கங்கள் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன. 2026 பிப்ரவரியில் தேர்தல் வர இருந்தது, புது அரசு என்ன செய்யும் என்று பேசினோம். தேதி தள்ளிப் போனாலும் போகாவிட்டாலும் தன் கணக்கைப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். நெசவு ஆலை போட அவரிடம் பணம் இல்லை, வங்கி வட்டியும் கேஸ் இணைப்பும் ஒத்துவராது. அதனால் இருக்கும் லைன்களில் இரண்டை பனியனுக்கு மாற்றுகிறார். உள்ளூர் துணி, உள்ளூர் நூல். ஓவர்லாக் மிஷின்களுக்கு எல்.சி. திறந்தாயிற்று, ஜனவரியில் இறங்கும். பேன்ட் தைத்துப் பழகிய ஆப்பரேட்டர்களைப் பனியன் துணிக்குப் பழக்க, நீளும் துணியில் கை எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க, ஆள் வேண்டுமாம். காஜிப்பூர் அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.